மேற்குச் சுவரின் விரிசல்

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆராதனை பின்பக்கத்து ஷெட்டில் நடக்கும் என்று பாஸ்டர் சொன்னபோது, அவர் எங்கள் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. மேற்குச் சுவரில் விழுந்திருக்கும் விரிசல் பெரிதாகிக்கொண்டே போகிறது, எஞ்சினீயர் வந்து பார்த்தார், உள்ளே ஆட்களை உட்காரவைப்பது ஆபத்து என்கிறார், அதனால் சர்ச் கட்டடத்தைப் பூட்டிவைக்கிறோம். இவ்வளவையும் பைபிளின் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே சொல்லி முடித்தார். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் மேடையிலிருந்தே யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் கல்யாணம் என்று ஒவ்வொருவரையும் பார்த்து விசாரிக்கிற மனிதர் அவர். எனக்கு அப்போதே மனசில் ஏதோ நெருடியது.

எங்கள் சர்ச் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். விருத்தாசலத்தில் பழமலைநாதர் கோயில் மதிலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது ஒரு கட்டடமாகவே தெரியாது. கோபுரம் கிடையாது, உச்சியில் சிலுவை கூட ரொம்பச் சின்னது. ஜங்ஷனிலிருந்து வரும் ரோட்டிலிருந்து பார்த்தால் பழைய காலத்து நெல் குடோன் போல நீளமாக இருக்கும். வெள்ளைக்கார மிஷனரிகள் கட்டியது. முன்னால் உருண்டைத் தூண் வைத்த வராந்தா, அதன்மேல் சரிவான ஓட்டுக் கூரை. உள்ளே போனால் நடுவில் ஒரு தூண் கூட மறைக்காது. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் தேக்குச் சட்டங்கள் முக்கோணம் முக்கோணமாகக் கூரையைத் தாங்கி நிற்கும். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டிய சுவர், ஜன்னல் விளிம்பில் இரண்டு பேர் சம்மணம் போட்டு உட்காரலாம், அவ்வளவு அகலம். சித்திரை வெயிலிலும் உள்ளே ஃபேன் தேவைப்படாது.

மேற்குக் கோடியில் மேடை. மற்ற சபைக்காரர்களின் சர்ச்சில் அந்த இடத்தில் பலிபீடம் இருக்கும். எங்களுக்கு நட்டநடுவே பிரசங்க மேசை மட்டும்தான். ஆனால் மேடையின் பலகைகளைத் தூக்கினால் அடியில் ஒரு தொட்டி இருக்கிறது. நாங்கள் பாப்டிஸ்ட் சபைக்காரர்கள். குழந்தைக்குத் தண்ணீர் தெளிப்பது எங்கள் வழக்கத்தில் இல்லை. வளர்ந்தபின், தானே விசுவாசித்து வருகிறவர்களை முழுசாகத் தண்ணீரில் அமிழ்த்தித்தான் ஞானஸ்நானம் கொடுப்போம். அதற்குத்தான் தொட்டி. ஒரு பக்கம் படி இறங்கி, அடுத்த பக்கம் படி ஏறி, ஈரத் துணியோடு மேடைக்குப் பக்கத்திலுள்ள சின்னக் கதவு வழியாகப் பின்பக்கம் போய்விடலாம். தொட்டிக்குப் பின்னாலுள்ள சுவரில் யோர்தான் நதியை யாரோ எப்போதோ வரைந்து வைத்திருக்கிறார்கள். யோர்தானைப் பார்த்திராத கை அது. கரையில் ரெண்டு பனைமரம், தண்ணீர் நம்ம மணிமுத்தாறு மாதிரி மண் நிறம். அந்தச் சுவர்தான் மேற்குச் சுவர். விரிசல் அந்த நதியின் குறுக்கே இறங்கியிருந்தது.

நான் ஞானஸ்நானம் எடுத்ததும் அந்தத் தொட்டியில்தான். என் கல்யாணம் நடந்ததும் அங்கேதான். அதனால் பூட்டுகிறோம் என்று சொன்னதும் சும்மா இருக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், இது விரிசல் விஷயம் இல்லை, இடத்து விஷயம் என்று. பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் இப்போது எங்கே பார்த்தாலும் கடை. சர்ச்சுக்கு முன்னால் ரோட்டை ஒட்டி நல்ல காலியிடம் இருக்கிறது. பழசை இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் மாடி சர்ச் கட்டி, கீழே வரிசையாகக் கடை போடுவது இப்போது பல ஊரில் நடக்கிற காரியம். பாஸ்டர் வெளியூர்க்காரர், வந்து ரெண்டு வருஷம்கூட ஆகவில்லை. இந்தச் சுவர் அவருக்கு என்ன?

என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சின்ன பீங்கான் பொம்மை யூனிட் நடத்துகிறோம். பொம்மையில் கீறல் விழுந்தால் அது சூளையில் விழுந்ததா, காயவைக்கும்போது விழுந்ததா என்று பார்த்துச் சொல்லும் ஆள் அவர். எதற்கும் அவசரப்படமாட்டார். சுவரில் விரிசல் இருப்பது உண்மைதானே என்று மட்டும் கேட்டார். இருக்கிறது, அது என் சின்ன வயசிலிருந்தே இருக்கிறது என்றேன். அப்போது இந்த அளவு இருந்ததா என்று கேட்டார். எனக்கு அது ஞாபகத்தில் இல்லை.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக என் கண்ணில் பட ஆரம்பித்தது. அந்த எஞ்சினீயர் திரும்ப ஒருநாள் பைக்கில் வந்தார். பாஸ்டருக்குத் தெரிந்தவராம். விரிசல் பின்சுவரில் இருக்க, அவர் டேப்பைப் பிடித்து முன்பக்கத்தை அளந்துகொண்டிருந்தார். கேட்டிலிருந்து வராந்தா வரைக்கும், அப்புறம் வராந்தாவின் நீளம். மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் நான் நின்று பார்த்தேன். என்னைக் கண்டதும் பாஸ்டர் பேச்சை நிறுத்திவிட்டு, "என்னா அக்கா, வெயில்ல வந்திருக்கீங்க" என்றார். விசாரிப்பாகத்தான் கேட்டார். எனக்கு அது, இங்கே எதற்கு வந்தாய் என்று கேட்பதுபோல இருந்தது.

சாவியும் இடம் மாறியது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து சர்ச் சாவி, சபைக் காரியங்களைப் பார்க்கிற டீக்கன்களில் யாராவது ஒருவர் வீட்டில் இருக்கும். இப்போது எல்லாச் சாவியும் பாஸ்டர் வீட்டுக்குப் போய்விட்டது. சர்ச்சுக்குப் பின்னால், அதே காம்பவுண்டில்தான் அவர்கள் வீடு. ஒருநாள் பாட்டுப் புத்தகங்களை எடுக்கவேண்டும் என்று சாக்குச் சொல்லிப் போய்ச் சாவி கேட்டேன். அவர் மனைவி, பாஸ்டரம்மா, வாசலில் நின்றபடியே, சாவியை அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார், புத்தகத்தை நானே ஷெட்டுக்குக் கொண்டுவந்து வைக்கிறேன் என்றார். சரி என்று திரும்பினேன். சர்ச்சின் பின்கதவுப் படி ஈரமாக இருந்தது. மழை பெய்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. பூட்டிக் கிடக்கிற கட்டடத்தின் படியில் காயாத ஈரமும், அதில் வெறுங்கால் பதிந்த தடமும்.

யாரோ உள்ளே போய் வருகிறார்கள் என்பது நிச்சயமாகிவிட்டது. ஆபத்து என்று எங்களைத் தடுத்துவிட்டு, இவர்கள் மட்டும் எதற்குப் போகிறார்கள்? அன்று வழியெல்லாம் எனக்கு அதே யோசனை.

என் தொல்லை தாங்காமல் என் வீட்டுக்காரர்தான் ஒரு வழி சொன்னார். எங்கள் யூனிட் சுவரில் ஒரு தடவை விரிசல் விட்டபோது, அது நகருகிறதா நின்றுவிட்டதா என்று பார்க்க, விரிசலுக்குக் குறுக்கே பிளாஸ்டரைக் குழைத்து, காயத்துக்குப் போடுகிற மாதிரி பத்துப் போட்டு வைத்தோம். பொம்மைக்கு மோல்டு செய்கிற அதே பிளாஸ்டர்தான். அது இழுத்தால் வளையாது, உடையும். சுவர் அசைந்தால் பத்து உடைந்துவிடும், அசையாவிட்டால் அப்படியே இருக்கும். "ஒட்டிப் பாரு. உடையலைன்னா நீ சொல்றது சரி, நானே பாஸ்டர்கிட்ட வந்து கேக்குறேன்" என்றார்.

ஷெட்டில் ஆராதனை முடிந்ததும் எல்லோர் முன்னாலும் பாஸ்டரிடம் கேட்டேன். அவர் மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்சம் தயங்கினார். பிறகு, வெளிப்பக்கம் ஒட்டிக்கொள்ளுங்கள் என்றார். வெளிப்பக்கம் என்று ஏன் அழுத்திச் சொல்கிறார் என்று அதையும் மனசில் வைத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் காரையைச் சுரண்டி, தண்ணீர் தெளித்து, பிஸ்கட் அளவுக்கு ரெண்டு பத்து ஒட்டினார். ஒன்று முட்டி உயரத்தில், இன்னொன்று தலைக்கு மேலே. காய்வதற்குள் நான் ஆணியை எடுத்து, எங்கள் பொம்மைகளின் அடிப்பாகத்தில் கீறுகிற அடையாளத்தை ரெண்டிலும் கீறினேன். யாராவது உடைத்துவிட்டுப் புதிதாக ஒட்டிவைத்தால் தெரியவேண்டும் இல்லையா? அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் கீழேயிருந்த பத்து உடைந்திருந்தது. முடி மாதிரி மெல்லிசான கோடு, விரிசலின் மேலேயே நேராக ஓடியது. மேலே இருந்தது முழுசாக இருந்தது. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டதாகத் தோன்றியது. கை எட்டுகிற உயரத்தில் இருந்தது மட்டும் உடைந்திருக்கிறது, எட்டாதது உடையவில்லை. யாரோ தட்டியிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் குனிந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, கையால் தட்டியிருந்தால் ஓரத்தில் தூள் உதிர்ந்திருக்கும், இது இழுபட்டு உடைந்திருக்கிறது என்றார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எனக்கே தெரியும். ஆனாலும் ஏற்கவில்லை.

உள்பக்கமும் ஒன்று ஒட்டவேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். பாஸ்டர் ஊரில் இல்லை, ஒரு சாவுக்காக ஸ்ரீமுஷ்ணம் பக்கம் போயிருந்தார். பாஸ்டரம்மா இந்தத் தடவை இல்லை என்று சொல்ல முடியாமல் சாவியோடு வந்தார். சின்னப் பெண் அவர், என் தங்கை வயசுகூட இருக்காது. பின்கதவைத் திறந்ததும் முகத்தில் ஈரவாடை அடித்தது. பாசி பிடித்த கிணற்றுக்குள் குனிந்து பார்த்தால் வருமே, அந்த வாடை. மேற்குச் சுவரில் யோர்தானின் கீழ்ப்பாதி உப்பிப் பெயர்ந்து தொங்கியது. ஒரு பனைமரத்தின் அடி இல்லவே இல்லை.

என் வீட்டுக்காரர் ஏணி வைத்து ஏறும்போது நான் சுற்றிலும் கண்ணை ஓடவிட்டேன். பிரசங்க மேசைக்குப் பின்னால் பச்சை ஓஸ் பைப்பின் நுனி தெரிந்தது. பாஸ்டரம்மா மேடையின் நடுவில், பலகைமேல் நின்றார். நாங்கள் உள்ளே இருந்த நேரம் முழுக்க அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. ஓஸ் எதற்கு என்று கேட்டேன். தரை கழுவ என்றார். பூட்டிக் கிடக்கிற சர்ச்சின் தரையை யாருக்காகக் கழுவுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்று நினைத்தேன். தண்ணீரை விட்டுவிட்டுச் சுவரை ஊறவைக்கிறார்கள். தானாக விழுந்தால் இடித்தார்கள் என்று யாரும் பேசமாட்டார்கள். அன்று எனக்கு அது அவ்வளவு தெளிவாக இருந்தது.

திரும்பி வரும்போது என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். இந்தத் தடவை அவர் உடனே மறுக்கவில்லை. ஓஸை அவரும் பார்த்திருந்தார். "தண்ணி எங்கேருந்தோ போவுது, அது மட்டும் நெசம்" என்றார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. பக்கத்தில் உட்காருகிற பெண்களிடம் சொன்னேன். அவர்கள் வீட்டில் போய்ச் சொன்னார்கள். சபையின் வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் வசனமும் பிறந்தநாள் வாழ்த்தும் போட்டுக்கொண்டிருந்தவர்கள், சர்ச் சொத்து யாருக்குச் சொந்தம் என்று கேள்வி போட ஆரம்பித்தார்கள். ஆராதனை முடிந்து எல்லோரும் நின்று டீ குடித்துவிட்டுப் போகிற வழக்கம் நின்றது. ஷெட்டில் பாஸ்டர் பக்கம் ஒரு கூட்டம், எங்கள் பக்கம் ஒரு கூட்டம் என்று நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். நடுவில் ஒரு வழி தானாக உண்டாகிவிட்டது. பாஸ்டர் பிரசங்கம் செய்யும்போது அவர் எந்தப் பக்கத்தைப் பார்த்துப் பேசுகிறார் என்று நாங்கள் கவனித்துக்கொண்டிருந்தோம். பேசிய வசனம் வீடு போகும்வரை கூட நினைவில் நிற்காது.

கடைசியில் ஆளாளுக்குக் கேட்டு ஒரு கூட்டம் வைக்க முடிவானது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகு, ஷெட்டிலேயே. எஞ்சினீயரும் வந்தார். அவருக்கு நாற்பது வயசு இருக்கும், சத்தம் போடாமல் பேசுகிற ஆள். சுவர் நன்றாகக் கட்டியது, சுண்ணாம்புச் சுவர் கொஞ்சம் அசைந்தால் தாங்கும் என்றார். ஆனால் அடியில் இருப்பது நம்ம ஊர்க் களிமண். தண்ணீர் பட்டால் ஊறி உப்பும், காய்ந்தால் சுருங்கும், மேலே இருக்கிற சுவர் அதோடு சேர்ந்து இறங்கும். அவர் மண்ணைத் தோண்டிப் பார்த்தபோது மேற்குப் பக்கம் அஸ்திவாரத்து மண் மட்டும் கோடைக்காலத்திலும் சேறாக இருந்ததாம். "தண்ணி எங்கேருந்து வருதுன்னு தெரியணும். அது தெரியாம நான் என்ன வேலை செஞ்சாலும் நிக்காது" என்றார்.

முனிசிபாலிட்டி சாக்கடை என்றார் ஒருவர். பின்தெருவில் புதிதாகக் கட்டிய வீடுகளின் கழிவுநீர் என்றார் இன்னொருவர். பாஸ்டர் ஓரத்து நாற்காலியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் எழுந்தேன். எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. சாக்கடையைப் பார்ப்பதற்கு முன்னால் சர்ச்சைத் திறந்து மேடைப் பலகையைத் தூக்கிப் பார்க்கவேண்டும் என்றேன். உள்ளே ஓஸ் பைப்பு இருப்பதைப் பார்த்தேன் என்றும், பின்கதவுப் படி எப்போதும் ஈரமாக இருக்கிறது என்றும் சொன்னேன். பாஸ்டர் பதில் சொல்லவேண்டும் என்றேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. பெண்களுக்கு நடுவே, கடைசி வரிசையிலிருந்து பாஸ்டரம்மா எழுந்தார்.

"அவர ஒண்ணும் கேக்காதீங்க. தண்ணி விட்டது நான்தான்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சேலை முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னார். அவர்கள் வீட்டு போர்வெல்லில் கோடையில் தண்ணீர் போய்விட்டது. முனிசிபாலிட்டி தண்ணீர் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, வந்தாலும் மேலே ஏறாது, குழியில் இருக்கிற குழாயில் மட்டும் சன்னமாக வரும். அந்த வீட்டில் தரைக்குக் கீழே தொட்டி கிடையாது. குடத்தில் எவ்வளவுதான் பிடித்துவைக்க முடியும்? சர்ச்சில் அவ்வளவு பெரிய தொட்டி, வருஷத்தில் ஒன்றிரண்டு நாள் தவிரச் சும்மா கிடக்கிறது. தரைக்குக் கீழே இருப்பதால் தண்ணீர் தானாக ஓடிவந்து விழும். குழாயிலிருந்து ஓஸைப் போட்டுத் தொட்டியை நிரப்பிவைத்து, வேண்டும்போது வாளியில் எடுத்துக்கொண்டார். பின்தெருவில் சில வீட்டுப் பெண்கள் தண்ணீர் இல்லாமல் அலைவதைப் பார்த்து, அவர்களையும் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். படியில் நான் பார்த்தது அந்தப் பெண்களின் கால்தடம்.

"ரொப்பி வச்சா மறுநா பாதிதான் இருக்கும். அந்தப் பொம்பளைங்கதான் எனக்குத் தெரியாம அள்ளிக்கிட்டுப் போறாங்கன்னு நெனச்சேன். கேட்டுச் சண்டைகூடப் போட்டேன். இல்லைன்னு அழுதாங்க. நான் நம்பல."

தொட்டியில் ஓட்டை இருக்கும் என்று அப்போது அவருக்குத் தோன்றவே இல்லை. குறைந்த தண்ணீரை நிரப்பி நிரப்பி, கோடை முழுக்க அந்தச் சுவரின் காலுக்கு ஊட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்.

எங்கள் பக்கத்திலிருந்து ஒருவர் பாஸ்டரைப் பார்த்து, உங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார். பாஸ்டர் எழுந்து நின்றார். "எஞ்சினீயர் மொத தடவ வந்து, தண்ணி எங்கேருந்து வருதுன்னு கேட்டாருல்ல, அன்னைக்கே" என்றார். அதற்கு முன்னால் மனைவி தொட்டியில் தண்ணீர் பிடிப்பது தெரியும், அது கசிகிறது என்று தெரியாது. தெரிந்தபிறகு சபையில் சொல்ல வாய் வரவில்லை. பரிசுத்தமான தொட்டியில் வீட்டுக்குத் தண்ணீர் பிடித்தார்கள் என்று அவளைப் பேசுவீர்கள், இவ்வளவு பழைய கட்டடத்தைக் கெடுத்தவள் என்று அவள் பெயர் நிற்கும் என்று பயந்தேன் என்றார். பூட்டிவைத்துவிட்டுத் தொட்டியைக் காயவிடலாம், சுவரைச் சரிசெய்துவிடலாம், யாருக்கும் தெரியவேண்டாம் என்று நினைத்திருக்கிறார். ஆனால் வீட்டில் வேறு தண்ணீருக்கு வழியில்லை. நிறுத்து என்று சொன்னபிறகும், ரொம்ப முடியாத நாளில் பாஸ்டரம்மா கொஞ்சம் பிடித்துக்கொண்டுதான் இருந்தார் என்பது பாஸ்டருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. மனைவி பக்கம் திரும்பிப் பார்த்தார்.

எல்லோருமாக எழுந்து சர்ச்சுக்குள் போனோம். எஞ்சினீயர் ரொம்பப் பேர் உள்ளே வரவேண்டாம் என்றார், யார் கேட்டார்கள். ஆண்கள் பலகையைத் தூக்கினார்கள். படியில் மூன்றில் ஒரு பங்கு மறைகிற அளவுக்குத் தண்ணீர். அதில் ஒரு பிளாஸ்டிக் சொம்பு மிதந்தது. இறைத்துக் கொட்டியபிறகு பார்த்தால், மேற்கு மூலையில், படியும் தரையும் சேருகிற இடத்தில் சிமெண்ட் பூச்சு வாய்பிளந்திருந்தது. நான் அந்தத் தண்ணீரில் முங்கி எழுந்தபோது அதே மூலையில்தான் காலை ஊன்றியிருப்பேன்.

அன்று யாரும் பாஸ்டரம்மாவைத் திட்டவில்லை. திட்டவேண்டும் என்று வந்தவர்கள்கூடத் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கோடையில் தண்ணீருக்காகக் குடத்தோடு நிற்காத வீடு எங்களில் எது? ஆனால் எனக்குக் கோபம் போகவில்லை. அவர்மேல் இல்லை, பாஸ்டர்மேல். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இத்தனை நாள் இந்தச் சபை ரெண்டாக உட்கார்ந்திருக்காது. அதை அவரிடமே சொன்னேன். சரிதான் அக்கா என்றார். அப்புறம் மெதுவாக, சொல்லியிருந்தா நீங்க நம்பியிருப்பீங்களா என்று கேட்டார்.

முன்பக்கத்தை எதற்கு அளந்தார் என்பதையும் எஞ்சினீயரிடம் கேட்டுவிட்டேன். பின்சுவர் இறங்கினால் கூரைச் சட்டங்கள் முன்பக்கம் தள்ளும், வராந்தாத் தூண்கள் சாய்ந்திருக்கின்றனவா என்று பார்த்தேன் என்றார். அது நியாயமான பதிலாகத்தான் இருந்தது. அப்படியென்றால் கேட்டிலிருந்து எதற்கு அளந்தீர்கள் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டு, லாரி உள்ளே வர முடியுமா என்று பார்க்க என்றார். பாதி நம்பினேன். மீதிப் பாதியை இன்றைக்கும் கையில்தான் வைத்திருக்கிறேன், அந்தக் காலியிடம் அப்படியே இருக்கும்வரைக்கும் அது இருக்கட்டும்.

வேலை மழைக்கு முன்னால் தொடங்கி, இடையில் நின்று, பொங்கலுக்குப் பிறகுதான் முடிந்தது. மேற்குச் சுவருக்கு வெளியே சாய்வாக முட்டுச் சுவர் ரெண்டு எழுப்பினார்கள். பார்க்கக் கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருக்கிறது, கிழவர் ரெண்டு ஊன்றுகோலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்பதுபோல. விரிசலைச் சுண்ணாம்பு வைத்தே அடைத்தார்கள். சிமெண்ட் வைத்தால் பழைய காரை அதோடு ஒட்டாது என்று எஞ்சினீயர் சொல்லிவிட்டார். தொட்டியை மண் போட்டு மூடிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். அப்படி மூடிவிட்டால் நமக்கும் மற்ற சபைக்கும் என்ன வித்தியாசம் என்று பெரியவர்கள் சண்டை பிடித்தார்கள். கடைசியில் மூடவில்லை. மறுபடி பூசிச் சரிசெய்யும்வரை காய்ந்தே கிடக்கட்டும் என்று முடிவானது. சுவரைவிட்டுத் தள்ளி, காம்பவுண்டு ஓரத்தில் ஒரு கறுப்புத் தொட்டி வைத்துக் குழாய் போட்டோம். பின்தெருப் பெண்கள் இப்போது அங்கே வந்து பிடிக்கிறார்கள். பாஸ்டரம்மாவோடு சண்டை போட்ட பெண் மட்டும் குடத்தை நிரப்பிக்கொண்டு அவர் பக்கம் திரும்பாமல் போகிறாள். பாஸ்டரம்மா ரெண்டு தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டார். திருடி என்ற பேச்சைக் கேட்டவளுக்கு அது போதவில்லை.

அந்த வருஷம் ஞானஸ்நானம் எடுக்க நான்கைந்து பேர் காத்திருந்தார்கள். தொட்டி இல்லாததால் கருவேப்பிலங்குறிச்சியில் சபைக் குடும்பம் ஒன்றின் வயலில், பம்ப்செட் தொட்டியில் வைத்துக்கொண்டோம். டவுன் பஸ்ஸில் எல்லோரும் போனோம். மோட்டாரைப் போட்டதும் தண்ணீர் குழாயிலிருந்து குதித்து விழுந்தது. பாஸ்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். பக்கத்து வயலில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்கள்.

பாஸ்டரம்மா வரப்பில் தனியாக நின்றுகொண்டிருந்தார். துவட்டத் துண்டுகளைக் கையில் அடுக்கி வைத்திருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். தொட்டியைச் சுற்றி நின்றவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"என்னைய ரொம்ப சந்தேகப்பட்டீங்களாக்கா?" என்று கேட்டார்.

"ஒங்கள இல்ல. அவரத்தான்."

"அவருக்குப் பொய் சொல்லத் தெரியாதுக்கா."

"அது தெரிஞ்சதாலதான் சந்தேகமே வந்துது" என்றேன். அவர் முதலில் புரியாமல் என்னைப் பார்த்தார். பிறகு துண்டால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தார்.

தண்ணீரிலிருந்து ஒரு பெண் மூச்சு வாங்க எழுந்தாள். பாஸ்டரம்மா என் கையில் பாதித் துண்டுகளைக் கொடுத்துவிட்டு, மீதியோடு வரப்பில் வழுக்காமல் இறங்கிப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.